துட்டு எங்கே போயிற்று?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள நமது சங்க அறைக்கு ஒரு நாள் காலையில் ஒரு தாயார் வந்தார். பூண்டி ஏரிப் பக்கத்துக் கிராமம். நடவுக்கும் களைபறிக்கும் போகிற விவசாயத் தொழிலாளி. கையில் ஓர் அடகுச் சீட்டு. கண்ணில் தூக்கமில்லை. அவருடைய மகன் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் காண்டிராக்ட் தொழிலாளி. வயது 26. மாதச் சம்பளம் பதினைந்தாயிரம். இரண்டு நாளாகப் பையன் வீடு திரும்பவில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை.

"ஆப்ஷன்ல போச்சு ஆப்ஷன்ல போச்சுன்றான். அது இன்னா தோழரே? என் சங்கிலியும் அதுலதான் போச்சாம். அவங்கூட வேலை செய்யறவங்க சீட்டுப் பணமும் அதுலதான் போச்சாம். அவ்ளோ துட்டு எங்க போச்சு? நெருப்புலயா எரிஞ்சிச்சு?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் அப்போது பதில் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதம் முன்பு அதே பையன் டீக்கடை பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனைக் காட்டி, "தோழர், காலையில் மட்டும் நாலாயிரம் வந்தது" என்றான். நாம் சிரித்தோம். "இதெல்லாம் சூதாட்டம், விட்டுவிடு" என்று ஒரு வார்த்தை சொன்னோம். வாயிற்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டோம். அது என்ன, எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்கவில்லை. தொழிலாளியின் பையில் கை வைக்கிறவன் ஆலை வாசலில்தான் நிற்பான் என்று பழக்கத்தால் நினைத்துவிட்டோம். அவன் தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதை நாம் பார்க்கவில்லை.

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஆப்ஷன் என்பது என்ன?

பெயர்தான் புதிது, சங்கதி பழையது. நெல் வியாபாரி ஒருவன் அறுவடைக்கு முன்பே விவசாயியிடம் வருகிறான். "ஒரு மாதம் கழித்து மூட்டை 1,500 ரூபாய் விலைக்கு நான் வாங்கிக்கொள்ள உரிமை கொடு. அதற்கு மூட்டைக்கு 20 ரூபாய் அச்சாரம் தருகிறேன்" என்கிறான். ஒரு மாதத்தில் விலை 1,600 ஆனால் அவனுக்கு லாபம். 1,400 ஆனால் அவன் நெல்லை எடுக்க மாட்டான். அச்சாரம் மட்டும் போகும். இந்த உரிமைதான் ஆப்ஷன். அச்சாரத்துக்கு அங்கே பிரீமியம் என்று பெயர். விலை ஏறும் என்று வாங்குவது கால். இறங்கும் என்று வாங்குவது புட்.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். நெல் உள்ளவனுக்கும் நெல் வேண்டியவனுக்கும் விலை ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு காப்பு வேண்டும். அதற்காக இப்படிப்பட்ட ஒப்பந்தம் இருந்தால் நியாயம் உண்டு. ஆனால் நமது பையன் கையில் நெல் இருந்ததா? பங்கு இருந்ததா? ஒன்றும் இல்லை. ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு நிஃப்டி என்று ஓர் எண் போடுகிறார்கள். அந்த எண் மாலைக்குள் ஏறுமா, இறங்குமா என்பதன் மேல் பணம் கட்டினான். நெல்லும் இல்லை, களமும் இல்லை. அச்சாரம் மட்டும் உண்டு.

அதற்குக் கெடுவும் உண்டு. செவ்வாய்க்கிழமை நிஃப்டிக்குக் கெடு. வியாழக்கிழமை சென்செக்ஸுக்குக் கெடு. கெடு நெருங்க நெருங்க அச்சாரத்தின் மதிப்பு வெயிலில் வைத்த ஐஸ் கட்டி போலக் கரையும். எண் ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றாலும் வாங்கினவனுக்கு நஷ்டம்தான். கெடு நாள் பிற்பகலில் ஒரு லாட் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று தொழிலாளி அதைத்தான் வாங்குகிறான். மூன்றரை மணிக்கு அது பூஜ்யம் ஆகிறது. மலிவாகக் கிடைப்பது ஏன் மலிவு என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

பணம் எரியவில்லை

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். பணம் நெருப்பில் எரியவில்லை. ஒரு ரூபாய்கூட எரியவில்லை. ஆலையில் தொழிலாளி உழைக்கிறான், துணி உண்டாகிறது. வயலில் உழைக்கிறான், நெல் உண்டாகிறது. ஆப்ஷன் சந்தையில் ஒன்றும் உண்டாவதில்லை. ஒருவன் ஒரு ரூபாய் ஜெயித்தால் இன்னொருவன் ஒரு ரூபாய் தோற்றிருக்க வேண்டும். நடுவில் தரகுக் கம்பெனி தன் கூலியை எடுத்துக்கொள்கிறது. பங்குச் சந்தை தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. சர்க்கார் வரி எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் எப்போதும் அதிகமாக இருக்கும். சீட்டாட வீடு வாடகைக்கு விட்டவனுக்கு மட்டும் தோல்வி என்பதே இல்லை.

இது நமது ஊகமா? இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்க சர்க்கார் வைத்திருக்கும் செபி நிறுவனமே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கும் மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். தரகு, கட்டணம், வரி என்ற வகையில் மட்டும் இந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் கொடுத்தது சுமார் 50 ஆயிரம் கோடி. அடுத்த ஆண்டாவது ஜனங்கள் விலகினார்களா? 2025 ஜூலையில் செபி மீண்டும் கணக்குச் சொன்னது: 2024-25-ல் நூற்றுக்கு 91 பேருக்கு நஷ்டம், மொத்த நஷ்டம் 1,05,603 கோடி.

ஆடினவர்கள் யார்? கோடீசுவரர்களா? முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் என்று சொன்னவர்கள். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 2022-23-ல் நூற்றுக்கு 31 பேர். அடுத்த ஆண்டே 43 பேர் ஆகிவிட்டார்கள். பெரும்பாலோர் பெரிய நகரங்களுக்கு வெளியே வாழ்கிறவர்கள். சுருங்கச் சொன்னால் நமது பிள்ளைகள்.

ஜெயித்தவர்கள் யார்? அதையும் செபியே சொல்கிறது. 2023-24-ல் தனிநபர்கள் முதலானோர், செலவுகளைச் சேர்க்காமலேயே, 61 ஆயிரம் கோடிக்கு மேல் தோற்றார்கள். அதே ஆண்டில் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் சுமார் 33 ஆயிரம் கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28 ஆயிரம் கோடியும் லாபம் எடுத்தன. கூட்டிப் பாருங்கள் தோழர்களே. நமது பக்கத்தில் குறைந்தது அவர்கள் பக்கத்தில் சேர்ந்திருக்கிறது. அந்த லாபத்தில் மிகப் பெரும் பகுதி, நூற்றுக்கு 96, 97 பங்கு, மனிதன் விரல் வைக்காமல் கம்ப்யூட்டர் யந்திரம் தானே வாங்கி விற்கும் முறையில் வந்தது.

கைப்போனும் யந்திரமும்

நமது பையன் தன் போனில் ஒரு கட்டத்தைத் தொடுகிறான். அந்தச் செய்தி செல் கோபுரம் ஏறி, தரகுக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். பெரிய நிறுவனத்தின் யந்திரமோ சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே, சந்தையின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே, வாடகை கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. பையன் கண்ணிமைப்பதற்குள் அது ஆயிரம் முறை வாங்கி விற்றுவிடும். சைக்கிளையும் ரயிலையும் ஒரே கோட்டில் நிறுத்தி, "பந்தயம் எல்லோருக்கும் பொது" என்று சொல்வதுதான் இந்தச் சந்தையின் சமத்துவம்.

வேகம் மட்டுமல்ல, பணபலமும் இருக்கிறது. 2025 ஜூலை 3-ந் தேதி ஜேன் ஸ்டிரீட் என்ற அமெரிக்க வியாபார நிறுவனத்தின் மேல் செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அந்த உத்தரவு சொல்லும் ஒரு நாள் கதையைக் கேளுங்கள். 2024 ஜனவரி 17. வங்கிப் பங்குகளின் எண்ணுக்கு அன்று கெடு நாள். காலையில் அந்த நிறுவனம் வங்கிப் பங்குகளையும் அவற்றின் முன்பேர ஒப்பந்தங்களையும் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குவித்தது. எண் தூக்கி நிறுத்தப்பட்டது. அதே நேரத்தில் எண் இறங்கினால் லாபம் வரும்படி அதைவிடப் பல மடங்கு பெரிய ஆப்ஷன் கட்டியது. பிற்பகலில் வாங்கினதை விற்றது, எண் இறங்கியது. வாங்கி விற்றதில் அதற்கு 61 கோடிக்கு மேல் நஷ்டம். ஆனால் ஆப்ஷனில் ஒரே நாளில் சுமார் 735 கோடி லாபம். சட்டத்துக்கு விரோதமான ஆதாயம் என்று கூறி 4,843 கோடி ரூபாயை முடக்கியது செபி. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. இது வழக்கமான வியாபார முறைதான் என்று கூறி மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனது. சட்டப்படி குற்றமா இல்லையா என்பதை மன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது இதுதான்: ஒரு காலைப் பொழுதில் 4,370 கோடி கொண்டுவந்து கொட்டக் கூடியவனும், அடகு வைத்த சங்கிலிப் பணத்தோடு வந்தவனும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஆடினால் முடிவு என்னவாக இருக்கும்?

போன் என்ன செய்தது என்பதையும் பார்ப்போம். முன்காலத்தில் பங்கு வாங்க வேண்டுமானால் தரகர் ஆபீசுக்குப் போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டில் ஏற நமது தொழிலாளிக்குக் கூச்சம். அந்தக் கூச்சமே அவனுக்கு ஒரு காவலாகவும் இருந்தது. இன்று எல்லாம் போனிலேயே முடிந்துவிடும். டீ ஆறுவதற்குள் கணக்குத் திறந்துவிடலாம். நாட்டில் டிமாட் கணக்குகள் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடி. 2025 ஆகஸ்டில் 20 கோடியைத் தாண்டிவிட்டன. அதே போனில் இன்னொரு கட்டத்தைத் தொட்டால் கடன். வேறொரு கட்டத்தில் ஆப்ஷன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். வாடகைக் காருக்கு முன்னால் நின்று, வேலைக்குப் போகிறவன் முட்டாள் என்று போதிக்கிறவர். நிஜமாகவே இதில் பணம் கொட்டுகிறதென்றால் அவர் ஏன் வகுப்புக் கட்டணத்துக்குக் கை நீட்ட வேண்டும்? 2025 டிசம்பரில் மராட்டியத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தின் மேல் உத்தரவு போட்டு 546 கோடி ரூபாயை செபி முடக்கியது. சொல்லிக்கொடுப்பதிலேயே எவ்வளவு புரள்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இதைப் படித்துவிட்டுப் போனைக் கிணற்றில் போடச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1811-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பின்னலாடைத் தொழிலாளிகள் தங்கள் பிழைப்பைக் கெடுத்த யந்திரங்களை உடைத்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் யந்திரத்தை உடைத்ததால் யந்திரத்தின் சொந்தக்காரன் உடையவில்லை. தொழிலாளி வர்க்கம் அந்தப் பாடத்தைக் கற்று இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. போன் நல்ல சாதனம். சேமநிதிப் பணத்தை முதலாளி கட்டினானா இல்லையா என்று அதிலேயே பார்க்கலாம். வேலைநிறுத்தச் செய்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒரு நிமிஷத்தில் போய்ச் சேருகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அங்கே உருக்காலைகளில் வேலை செய்கிற சகோதரர்கள் இரவில் தங்கள் குழந்தைகளின் முகத்தை அதில்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் போனைச் செய்கிறவர்களும் நம்மவர்களே. சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வரிசையாக நின்று ஐபோன் பூட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் நமது மாவட்டத்தைச் சேர்ந்த பூந்தமல்லியில் அவர்களுடைய விடுதியில் உணவு விஷமாகி, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆலை மூடிக் கிடந்து, 2022 ஜனவரியில்தான் திறந்தது. அந்தப் பெண்கள் செய்த ஐபோன் 16, 2024 செப்டம்பரில் கடைக்கு வந்தபோது விலை 79,900 ரூபாய். நமது லேத் தொழிலாளியின் ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். உழைக்கும் பெண்ணின் விரல் அதைச் செய்கிறது. உழைக்கும் பையனின் விரல் அதில் தேய்கிறது. இரண்டு விரலின் பலனையும் மூன்றாமவன் வாரிக்கொண்டு போகிறான்.

சட்டம் எப்படி மாறியது?

இந்த ஆட்டம் நேற்று முளைத்ததல்ல. பம்பாயில் ஒரு காலத்தில் இதற்குத் தேஜி, மந்தி என்று பெயர். இதன் தீமை தெரிந்துதான் 1956-ம் ஆண்டின் பங்கு ஒப்பந்தச் சட்டத்தில், பங்குகளின் மேல் ஆப்ஷன் போடுவது கூடாது என்று ஒரு பிரிவே வைத்தார்கள். அதைக் கொண்டுவந்தது தொழிலாளர் சர்க்கார் அல்ல. முதலாளிகளுக்கு வேண்டிய சர்க்கார்தான். அதற்கே அது கூடாத காரியமாகத் தெரிந்தது. தாராளமயம் என்று கதவைத் திறந்த பிறகு, 1995-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 2001 ஜூனில் எண்ணின் மேல் ஆப்ஷன் தொடங்கியது. 2016-ல் மாதக் கெடுவோடு வாரக் கெடுவும் வந்தது. பிறகு வாரத்தின் ஒவ்வொரு வேலை நாளிலும் ஏதாவது ஓர் எண்ணுக்குக் கெடு என்ற நிலை உண்டாயிற்று. ஊர் சிரித்த பிறகு 2024 நவம்பரில்தான், ஒரு சந்தைக்கு வாரத்துக்கு ஒரு கெடு என்று செபி சுருக்கியது.

பம்பாய் ஆலைத் தோழர்களுக்கு இன்னொரு கதை தெரியும். நியூயார்க் பஞ்சுச் சந்தையில் திறக்கும் விலை, மூடும் விலை இரண்டும் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த எண்ணின் மேல் ஆலைத் தொழிலாளிகள் பணம் கட்டுவார்கள். 1961-ல் அந்த எண் வருவது நின்றது. ஆட்டம் நின்றதா? இல்லை. மட்கா என்ற பெயரில் வேறு எண் கண்டுபிடித்தார்கள். ஆலை வாசல்களிலேயே கடை போட்டார்கள். சம்பள நாள் எதுவென்று கடைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொழிலாளி ஒரு பஞ்சுப் பொதியையும் ஜெயிக்கவில்லை. பஞ்சு அவன் நெஞ்சில்தான் அடைந்தது. இன்று நமது பையன் பார்ப்பதும் அதே எண்தான். ஊர் மாறியிருக்கிறது, கடை மாறியிருக்கிறது, கடைக்காரன் கோட்டுப் போட்டிருக்கிறான், அவ்வளவே.

நமது மாநிலத்தில் 2003-ல் லாட்டரிச் சீட்டைத் தடுத்தார்கள். போனில் ஆடும் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் சட்டசபை சட்டம் செய்தது. பணம் கட்டி ஆடும் போன் ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் சட்டம் நிறைவேற்றியது. ரம்மியில் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துத்தான் இவை வந்தன, வரவேற்கிறோம். ஆனால் சர்க்காரின் நிறுவனமே நூற்றுக்கு 91 பேர் தோற்கிறார்கள் என்று சொல்லும் ஆட்டத்துக்கு மட்டும் என்ன மரியாதை? ரம்மியில் தோற்றவன் சூதாடி. ஆப்ஷனில் தோற்றவன் முதலீட்டாளரா? 2024 அக்டோபரிலிருந்து ஆப்ஷன் விற்பனை வரியை 0.0625 சதவிகிதத்திலிருந்து 0.1 சதவிகிதமாக உயர்த்தினார்கள். ஆட்டத்தைத் தடுக்க என்றார்கள். வரி சர்க்காருக்குச் சேர்ந்தது, ஆட்டம் தொடர்ந்தது.

பேராசை என்கிறார்கள்

"பேராசைப்பட்டான், பட்டான்; யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் உண்டு. நமது தோழர்களிலும் சிலர் சொல்கிறார்கள். பதினைந்தாயிரம் சம்பளத்தில் வீட்டு வாடகை, தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்து என்று கணக்குப் போட்டால் நாற்பது வருஷம் லேத்தில் நின்றாலும் ஒரு காணி இடம் வாங்க முடியாது என்று பையனுக்குத் தெரிகிறது. நிரந்தரம் இல்லை, பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு இரட்டிப்புச் சம்பளம். நேர்மையான வழி எல்லாம் அடைபட்ட இடத்தில்தான் குறுக்கு வழிக்காரன் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறான். காரை ஆசைப்பட்டான் என்பது பாதி உண்மை. காண்டிராக்ட் முறை அவனை அங்கே தள்ளியது என்பது மறு பாதி.

அந்தப் பையன் மூன்றாம் நாள் இரவு திரும்பி வந்தான். அரக்கோணம் ஸ்டேஷனில் இரண்டு நாள் படுத்திருந்தானாம். என்ன எண்ணத்தோடு போனான் என்று நாம் கேட்கவில்லை. அவன் முகமே சொல்லிற்று. சீட்டுப் பணம் கொடுத்த பதினொரு தொழிலாளிகள் சங்க அறையில் கூடினார்கள். அடிக்க வேண்டும் என்றார்கள் சிலர். போலீசுக்குப் போக வேண்டும் என்றார்கள் சிலர். அவர்கள் கோபத்தில் தவறில்லை. வியர்வை சிந்திய பணம். நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டு, "முதலில் கணக்கைப் பார்ப்போம்" என்றோம். பதினான்கு மாதக் கணக்கை அவன் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க, ஒரு பிட்டர் தோழர் எழுதினார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது.

ஆடிய நாள் 215. ஜெயித்த நாள் 118. தோற்ற நாள் 97. பையனே திகைத்துவிட்டான். ஜெயித்த நாள்தான் அதிகம்! ஆனால் ஜெயித்த நாளில் முந்நூறும் ஐந்நூறும். தோற்ற நாளில் நாலாயிரமும் ஒன்பதாயிரமும். மொத்தத்தில் போனது 3 லட்சத்து 12 ஆயிரம். அதில் தரகுக்கும் கட்டணத்துக்கும் வரிக்கும் போனது மட்டும் 41 ஆயிரம். அதாவது தூண்டிலில் புழுவை அடிக்கடி கொடுத்திருக்கிறார்கள். மீனைத்தான் திருப்பித் தரவில்லை.

கணக்கு முடிந்தபோது அடிக்க வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, "என் பையனும் ஆடறான் தோழர். நானும் ரெண்டு தடவை போட்டேன்" என்றார். இன்னொருவரும் சொன்னார். பதினொருவரில் நான்கு பேர்! ஒருவருக்கொருவர் தெரியாமல், வெட்கத்தால் வாய் திறக்காமல், தனித்தனியாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலாளித்துவத்துக்கு வேண்டியதும் இதுதான். ஆலைக்குள் நூறு பேர் சேர்ந்து நிற்கிறார்கள். போனுக்குள் ஒவ்வொருவனும் தனியாக நிற்கிறான். அன்று விடியற்காலையில் அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள்: மாதம் 2,000 வீதம் சீட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும், போலீஸ் வேண்டாம், அவன் வேலைக்கு வர வேண்டும், சங்கத்துக்கும் வர வேண்டும். தீர்மானம் என்று எழுதப்படாத தீர்மானம் அது. நாம் பார்த்த தீர்மானங்களில் அதைவிட நல்லது அதிகம் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வாரக் கெடு ஆப்ஷனை முழுவதும் ஒழிக்க வேண்டும். சொந்தப் பங்கும் சேமிப்பும் இல்லாதவனை, வருமானத்தைப் பாராமல், இந்தச் சந்தைக்குள் இழுக்கும் தரகுக் கம்பெனியை நஷ்டத்துக்குப் பொறுப்பாக்க வேண்டும். ஆப்ஷன் விளம்பரத்தையும், லாப ஆசை காட்டும் வகுப்புகளையும் தடுக்க வேண்டும். கடன் கொடுக்கும் கட்டமும் ஆப்ஷன் கட்டமும் ஒரே போனில் கைகோத்து நிற்பதை அறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் காண்டிராக்ட் முறை ஒழிய வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும். கடைசிக் கோரிக்கை இல்லாமல் மற்றவை பாதி மருந்துதான்.

சங்கங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, இந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட்டுக் காட்ட வேண்டும். உபதேசம் வேண்டாம், கணக்கே போதும். ஆடுகிற தோழர் யாராயிருந்தாலும் தன் பதினான்கு மாதக் கணக்கை ஒரு முறை முழுதாகக் கூட்டிப் பார்க்கட்டும். தோற்றதை எடுக்க மேலும் கடன் வாங்காதீர்கள். மனைவிக்கு, தாய்க்கு, பக்கத்து மெஷின்காரனுக்குச் சொல்லுங்கள். போலிக் கம்பெனி என்று தெரியாமல் வாட்ஸப் கூட்டத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் உடனே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மனம் உடைந்து விபரீத எண்ணம் வந்தால் 104 எண்ணைக் கூப்பிடுங்கள்; நமது சங்க அறைக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் திறப்போம். இந்த முறை கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போக மாட்டோம்.

அந்தத் தாயாரிடம் நாம் போய்ச் சொன்னோம். வரப்பில் நின்றுகொண்டு கேட்டார். "அம்மா, துட்டு எரியலே. கொஞ்சம் தரகன் எடுத்தான், கொஞ்சம் சர்க்கார் எடுத்தது, மீதியை யந்திரம் வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நெல்லு போட்டா நெல்லு வரும். ஒண்ணும் போடாத நிலத்துல எவனோ அறுக்கறான்னா, அது எங்கிட்ட இருந்துதான் அறுத்திருக்கான்."

சொல்லிவிட்டு நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவருடைய சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்க இன்னும் எத்தனை நடவு நட வேண்டும் என்ற கணக்கு எந்தப் போனிலும் இல்லை. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியது நாம்.